பாப்பா மனு வாங்கிய பந்தல்

கரியாலூரைத் தாண்டி, மரவள்ளி பிடுங்கி முடித்த ஒரு மேட்டுக் கொல்லை. அதன் நடுவில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சாமியானா. சாமியானாவுக்குக் கீழே ஒரு மடக்கு மேசை, அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சேர். சேரின் மேல் இரண்டரை வயதில் என் மகள், ஒரு காலில் மட்டும் செருப்போடு, வாயில் பாதி பிஸ்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு எதிரே ஒரு அம்மாள் கையில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறார். பாப்பா கையை நீட்டுகிறாள். அந்த அம்மாள் உறையைக் கொடுத்துவிடுகிறார். பாப்பா அதை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "ம்ம்" என்கிறாள்.

நானும் பல ஆபீஸ்களில் பல மனுக்களைக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு நேரம் என் மனுவை யாரும் பார்த்ததில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். இன்றைக்குத்தான் முதல்முறையாகப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வரி. கள்ளக்குறிச்சியில் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து முதல் கருமாதி வரை எல்லாம் என் துணிக்குக் கீழே நடந்திருக்கிறது. என் மகளைத் தூங்க வைப்பது மட்டும் அதுவரை நடந்ததில்லை.

ராத்திரி மட்டும்தான் பிரச்சினை

என் மனைவி செல்வி பரீட்சை எழுதி கவர்மென்ட் வேலைக்குப் போனவள். மூன்றாவது முறைதான் கிடைத்தது. அந்த மூன்றாவது பரீட்சைக்குப் படிக்கும்போது பாப்பா வயிற்றில் இருந்தாள். செல்வி புத்தகத்தை வயிற்றின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பாள். உள்ளேயிருந்து ஒரு உதை விழும். புத்தகம் எகிறும். இந்திய நதிகள் பாடத்தில்தான் அதிக உதை விழுந்தது என்று இன்றைக்கும் சொல்வாள்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அது நிரந்தரமாக வேண்டுமானால் பவானிசாகரில் இரண்டு மாதப் பயிற்சிக்குப் போய் வர வேண்டும். முதல்முறை கூப்பிட்டபோது, பாப்பா பால்குடி மறக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துத் தள்ளிப்போட்டாள். இரண்டாவது முறையும் கடிதம் வந்தது. இதையும் விட்டால் சீனியாரிட்டி போகும், பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள் என்று ஆபீஸில் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

பகலில் பிரச்சினை இல்லை. பாப்பா கடையில் ஜமுக்காள அடுக்கின்மேல் ஏறிக் குதித்தே பொழுதைப் போக்கிவிடுவாள். விளக்கு வைத்துவிட்டால்தான் வேறு ஆள். அம்மாவின் வலது காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். இடது காது ஆகாது. அந்த நேரத்தில் நான் பக்கத்தில் படுத்தால் காலால் தள்ளுவாள்.

"ஒரே ஒரு ராத்திரிங்க," என்றாள் செல்வி. "நான் இல்லாம தூங்க வெச்சுக் காட்டுங்க. காலையில நல்லா இருந்தாள்னா நான் போறேன். இல்லன்னா வரலன்னு எழுதிக் குடுத்துடறேன்."

'எழுதிக் குடுத்துடறேன்' என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. போக வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் உடனே சரி என்றேன். எப்படி என்று யோசிக்கவில்லை.

முதல் பரீட்சை எங்கள் வீட்டிலேயே நடந்தது. செல்வி வடக்கனந்தலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போய் இறங்கியதும் போன் செய்தாள். சாப்பிட்டாளா என்று ஒரு போன், படுத்தாளா என்று ஒரு போன், ஏன் அழுகிறாள் என்று ஒரு போன். அவள் போன் செய்ததால்தான் அழுகிறாள் என்பதை எப்படிச் சொல்வது? ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். அந்த ஆட்டத்தை நாங்கள் இருவரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போன் சிக்னல் கிடைக்காத இடமாகப் பார்த்துப் போய்விட வேண்டும். அதற்குக் கல்வராயன் மலையை விட்டால் நமக்கு வேறு போக்கு ஏது?

டென்ட் வாங்காத காரணம்

மலையில் தங்குவதென்றால் டென்ட் வாங்கு என்றார்கள். ஆன்லைனில் கிடைக்கிறது, குடை மாதிரி விரியும், பைக்குள் மடங்கிவிடும் என்று படம் எல்லாம் காட்டினார்கள்.

எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. என் குடோனில் ஒரு தெருவையே மூடுகிற அளவு துணி இருக்கிறது. ஓட்டல் வைத்திருப்பவர் எதிர்க்கடையில் பார்சல் வாங்கிச் சாப்பிட்டால் ஊர் என்ன பேசும்?

அதனால் இருப்பதிலேயே சின்ன சாமியானாவாக எடுத்தேன். பதினைந்துக்குப் பதினைந்து. அதற்கு நாலு பைப், முளை, கயிறு, சுத்தியல். மடக்கு மேசை ஒன்று. சேர் இரண்டு போதும், ஆனால் என் கைக்கு இரண்டு சேர் எடுத்துப் பழக்கமில்லை, பன்னிரண்டு வந்துவிட்டது. ஜமுக்காளம், தண்ணீர் டிரம். வாசலுக்கு வைக்கிற பிளாஸ்டிக் பூ வளைவின் மேலும் கை போனது. செல்வி பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டது.

பந்தலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு ஊரில் தெரு மாறி வேறொரு வீட்டு வாசலில் பந்தல் போட்டுவிட்டேன். அந்த வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் வாசலில் பந்தல். அதற்குக் கீழே சொந்தக்காரர்கள் பாதிப் பேர் உட்கார்ந்து, தங்களைக் கூப்பிடாமல் விசேஷம் வைத்துவிட்டதாகச் சண்டைக்குத் தயாராக இருந்தார்கள். அந்த மனுஷன் வேறு வழியில்லாமல் அன்றைக்கே மகளுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்துவிட்டார். பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்ததாம். எனக்கு வாடகையும் கொடுத்தார், வேட்டியும் கொடுத்தார்.

பந்தல் போட்டால் ஜனம் வரும். இத்தனை வருஷத் தொழிலில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் இதுதான். அன்றைக்கு மட்டும் இது எனக்கு ஞாபகம் வரவில்லை.

யானைக்குப் பிஸ்கட்

கடையின் சரக்கு வண்டிக்கு ஊரில் எல்லோரும் சொல்வது போல நாங்களும் குட்டி யானை என்றுதான் சொல்வோம். பாப்பா அதை அப்படியே நம்பிவிட்டாள். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, கீழே இறங்கி ஹெட்லைட்டுக்குப் பிஸ்கட் ஊட்டினாள்.

"யானைக்கு வாணாமாம்ப்பா."

"வவுறு ரொம்பிடுச்சு போல."

"அப்ப நான் துன்றேன்."

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. வளைவு திரும்பும்போதெல்லாம் பாப்பா "இன்னொண்ணு" என்றாள். பாதி வழியில் போனில் சிக்னல் செத்தது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் பயம். இனி நானும் பாப்பாவும்தான்.

கொல்லை ராமசாமி அண்ணனுடையது. அவர் மகள் கல்யாணத்துக்கு மலைமேல் வந்து பந்தல் போட்டவன் நான். நாங்கள் போன அன்று அவர் வேலையாக ஆத்தூர் போயிருந்தார். "நம்ம கொல்லதான், எங்க வேணா போட்டுக்க" என்று முன்பே சொல்லியிருந்தார்.

சாமியானா கட்ட நாலு ஆள் வேண்டும். நான் ஒருவன்தான். பாப்பா உதவி செய்தாள். நான் முளை அடிப்பேன். அவள் அதற்கு மண்ணள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, "மொளச்சிடும்ப்பா" என்பாள். நடுவில் இரண்டு முறை அவள் "ஒண்ணுக்கு" என்றதும் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஒருமுறை சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று மணி சுமாருக்குக் கட்டி முடித்தேன். மேசையைப் போட்டு, கை தானாகவே பன்னிரண்டு சேரையும் இரண்டு வரிசையாகப் போட்டுவிட்டது. ஒன்றை மேசைக்குப் பின்னால் நகர்த்தி பாப்பாவை உட்கார வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"ஆபீசருங்க எப்ப வராங்க?"

முதலில் ஒரு பெரியவர் வந்தார். சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்தார். பிறகு இரண்டு பெண்கள். பிறகு ஒரு குடும்பமே வந்தது. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறை, பை, சுருட்டிய காகிதம்.

"சார், ஆபீசருங்க எப்ப வராங்க?" என்று கேட்டார் ஒரு அம்மாள். ருக்குமணி என்று பெயர். நாற்பது வயதிருக்கும். இரண்டு ஓடை தாண்டி நடந்து வந்திருக்கிறார்.

"எந்த ஆபீசருங்க?"

"மனு வாங்கற ஆபீசருங்கதான்."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கல்யாணமில்லாத, திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாளில், திறந்த வெளியில் சாமியானா போட்டு, மேசை வைத்து, சேரை வரிசையாகப் போட்டால் மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழேயிருந்து அதிகாரிகள் மனு வாங்க வருகிறார்கள். அந்தப் பந்தல்களில் சிலவற்றை நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதே சிவப்பு, இதே மஞ்சள்.

"இல்லீங்க," என்றேன். "நாங்க சும்மா வந்தோம். பாப்பாவ ராத்திரிக்குத் தூங்க வெக்கறதுக்கு."

யாரும் எழுந்திருக்கவில்லை. பெரியவர் மேலே துணியைப் பார்த்தார், சேர்களைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார்.

"இந்தப் புள்ள ஒண்ணு தூங்கறதுக்கு எதுக்குங்க இத்தினி பெரிய பந்தலு?"

நியாயமான கேள்விதான். தொழில் கௌரவம் என்று சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. கொல்லை வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். உறைக்குள் இருப்பது விளையாட்டுக் காகிதமில்லை. ருக்குமணி அக்காவின் மனு, மழை வந்தால் ஓடையில் தண்ணீர் ஏறிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை, ஒரு சின்னப் பாலம் வேண்டும் என்பது. அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் ருக்குமணி அக்கா என்னைத் தாண்டி மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஆபீசரம்மா, நீங்களாவது வாங்கிக்குங்க."

பாப்பா கையை நீட்டினாள். நான் தொடக்கத்தில் சொன்ன காட்சி அப்போது நடந்ததுதான். "ம்ம்" என்று சொன்ன பிறகு பிஸ்கட் ஈரத்தோடு கட்டைவிரலை உறையின்மேல் வைத்து அழுத்தினாள். பந்தலே சிரித்தது. பெரியவரும் எழுந்து வந்து வரிசையில் நின்றார். பாப்பா ஒன்பது மனு வாங்கினாள். ஒருவரையும் காக்க வைக்கவில்லை. பத்தாவதாக வந்தவர் கையில் மனு இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர். அவரிடமும் கையை நீட்டினாள். அவர் பையைத் துழாவி ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். அதைக் கடித்துக்கொண்டே "ம்ம்" என்றாள்.

"கையில ஒண்ணு குடுத்தாத்தான் வேல நடக்குது பாரு," என்றார் பெரியவர்.

அந்த ஒன்பது உறைகளையும் மறு வாரம் கள்ளக்குறிச்சியில் மனு வாங்குகிற நாளன்று நானே வரிசையில் நின்று கொடுத்தேன். பிஸ்கட் கறை என்ன என்று கேட்டார்கள். முன்பே ஒரு அதிகாரி பார்த்துவிட்டார் என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை, ஆனால் ஒன்பதுக்கும் ரசீது கொடுத்தார்கள்.

வந்தவர்கள் உடனே போகவில்லை. பந்தல் போட்டாயிற்று, சும்மா எழுந்து போவது எப்படி என்று உட்கார்ந்தார்கள். யாரோ வீட்டுக்குப் போய் அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொண்டு வந்தார்கள். பாப்பா ஒவ்வொரு மடியாக உட்கார்ந்து பார்த்தாள். மூன்று மணி நேரம் அவள் அம்மா என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என் காது செல்லாது

இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சேர்கள் காலியாக இருந்தன. பாப்பா ஒவ்வொரு சேராகப் பார்த்தாள்.

"அம்மா?" என்றாள், கேள்வியாக.

"காலையில வந்துடுவா."

"அம்மா," என்றாள் மறுபடியும். அது கேள்வி இல்லை. மூன்றாவது முறை அழுகையாகவே வந்தது.

தோளில் போட்டு நடந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பாட்டைப் பாடினேன். அது கோயில் திருவிழாவில் மைக் டெஸ்ட் செய்யும்போது பாடுவது. இன்னும் சத்தமாக அழுதாள். வலது காதைக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டாள்.

"முடி கீது. வாணாம்."

இடது காதைக் கொடுத்தேன்.

"இதும் வாணாம்."

யாருக்கும் தெரியாமல் செல்வியின் பழைய சேலை ஒன்றைக் கொண்டு வந்திருந்தேன். அதைத் தோளோடு போர்த்திக்கொண்டு, முக்காடும் போட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். பாப்பா அழுகையை நிறுத்தி டார்ச் வெளிச்சத்தில் என்னைப் பார்த்தாள். அடுத்து அவள் போட்ட சத்தத்தில் எங்கேயோ நாய் குரைத்தது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முகமெல்லாம் சளி, தொண்டை கட்டிவிட்டது, என் சட்டையெல்லாம் ஈரம். பெற்ற பிள்ளைக்கு நான் ஆள் இல்லை என்பது எனக்கு வலித்தது. வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். கீழே இறங்கிவிடலாம். அப்படி இறங்கினால் செல்வி என்னை ஒன்றும் சொல்ல மாட்டாள். பாப்பாவை வாங்கிக்கொண்டு, மறுநாள் ஆபீஸில் வெள்ளைத்தாள் எடுத்து எழுதிக் கொடுத்துவிடுவாள். அதை நினைத்துக்கொண்டு சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

காற்று

அப்போதுதான் காற்று வந்தது.

மரவள்ளி பிடுங்கிய மண் பொலபொலவென்று இருக்கும், முளை நிற்காது. பந்தல் தொழிலில் ஒரு மாதம் இருந்தவனுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். பெருமையில் மறந்துவிட்டேன். ஒரு மூலை முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. துணி உப்பி மேலே எழும்பியது. இரண்டு சேர் உருண்டன.

பாப்பாவை இடுப்பில் வைத்தபடியே பாய்ந்து கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தேன். காற்று பிடித்துவிட்டால் பந்தல்காரனுக்கு வேறு வித்தை கிடையாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, காற்று ஓயும் வரை கனமாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் பிள்ளை. சமாளிக்க முடியவில்லை.

"பாப்பா, இதப் புடி. நீ வுட்டா பந்தல் பறந்து பூடும்."

கத்திக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"பூடுமா?"

"பூடும்."

"எங்க?"

"கச்சிராயபாளையத்துக்கு."

யோசித்தாள். மூக்கை என் சட்டையில் துடைத்தாள். என் மடியில் இறங்கி, கயிற்றின் தொங்கலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்த காற்றில் துணி தூக்கியபோது பல்லைக் கடித்து இழுத்தாள். துணி இறங்கியது. தான்தான் இறக்கியதாக நினைத்துக்கொண்டாள்.

"ப்பா, புடி."

"புடிச்சிக்கினுதான் கீறேன்."

"நல்லாப் புடி."

பத்து வருஷமாக என்னிடம் வேலை செய்கிற ஆட்கள்கூட என்னை இப்படி அதட்டியதில்லை. அரை மணி நேரம் இருவரும் அந்தப் பந்தலைக் காப்பாற்றினோம். காற்று நின்றது.

"வுட்டுடு பாப்பா. காத்து பூட்ச்சு."

"வாணாம்," என்றாள். குரல் கனத்திருந்தது. தலை என் நெஞ்சில் விழுந்தது. அப்படியே தூங்கிப்போனாள், கயிற்றை விடாமல்.

அவள் பிறந்த நாளிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டு தூங்கியது அதுதான் முதல்முறை. சரி, என்னை இல்லை, என் கயிற்றை. எனக்கு அதுவே போதும். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. பைப்பில் சாய்ந்து அப்படியே நானும் கண்ணை மூடினேன்.

முதல் பஸ்

விடிந்து வெயில் வந்தபோது செல்வி எதிரே நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். தலை சீவவில்லை. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. ரோட்டில் வழி கேட்டபோது ருக்குமணி அக்கா, "ஆபீசரம்மா பந்தலா? அங்க தூங்கினு கீறாங்க" என்று கை காட்டியிருக்கிறார்.

செல்வி குனிந்து பாப்பாவைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அழுதாளாங்க?"

இல்லை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவள் நம்பியும் இருக்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருந்து, முதல் பஸ் ஏறி வந்திருக்கும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"அழுதா. நல்லா அழுதா. உன்னத்தான் கேட்டா. அப்புறம் தூங்கிட்டா."

"தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா."

செல்வி ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான்தாங்க தூங்கல," என்றாள்.

பேச்சுச் சத்தத்தில் பாப்பா கண்ணைத் திறந்தாள். "ம்மா," என்றாள். செல்வி எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். பாப்பா என் மடியிலிருந்து இறங்கி நேராக அவளிடம் போனாள். நீட்டிய கைகளில் கயிற்றை வைத்தாள்.

"இதப் புடி. வுடாத. பூடும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். காலைக் காலோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ப்பா, ஒண்ணுக்கு வருது. வா."

தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினேன். இந்தமுறையும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்தபோது செல்வி அதே இடத்தில், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். துளிக் காற்று இல்லை. துணி ஆடவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

பாப்பா போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"நீ போம்மா. நானும் அப்பாவும் புடிச்சிக்கறோம்."

செல்வி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"திங்கக்கிழம பவானிசாகருக்கு எத்தினி மணி பஸ்ஸு புடிக்கணுங்க?" என்று கேட்டாள்.